பாரிவாக்கத்துக் கதவில் ஒரு மீன்

சேக்காடு, ஆவடி
19-2-1998

அன்பு மகள் குமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். மான்செஸ்டரில் குளிர் விட்டதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன், நேற்றும் முந்தாநாளும் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் வந்து என்னக்கா யாராவது ஊரிலிருந்து வருகிறார்களா என்று கேட்டாள். தேய்க்கவேண்டிய பாத்திரம் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீ அனுப்பிய பார்சல் வந்தது. ஆபீஸ் இடம் மாறுகிறது, பழைய காகிதமெல்லாம் கழிக்கிறார்கள், நான் கதை எழுதிய மூன்று கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் முதலில் எழுதின பிரதிகள் இவை, பீரோவில் வைத்தால் போதும் படிக்கத் தேவையில்லை என்று குறிப்பு வைத்திருந்தாய். இருபத்தெட்டு வருஷம் பாக்டரி ஆபீசில் டைப் அடித்து, அடித்ததை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவளிடம் கட்டுக் காகிதத்தைக் கொடுத்துப் படிக்காதே என்றால் நடக்கிற காரியமா. மத்தியான நேரங்களில் படித்தேன். ஏழு வாயில் உள்ள நகரம், ராணி, திருடன், பூட்டு, சாவி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று பாகத்திலும் இரும்புக் கதவு செய்கிறவன் ஒருவன் வருகிறானே, அவனிடம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. 1993-இல் எழுதிய முதல் பாகத்தில் அவனுக்குப் பதினேழு வயசு, வாட்சை வலது கையில் கட்டுவான், சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். உன் அண்ணன் கஜபதி. பாக்டரி அப்ரண்டிஸ் பரீட்சையில் தோற்றான் என்று குவார்ட்டர்ஸ் தெருவே பார்க்க அப்பா கன்னத்தில் அறைந்து, இனிமேல் என்னை அப்பா என்று கூப்பிடாதே என்று சொன்ன அன்றைக்கு சாயங்காலம் போனவன். சரி, அண்ணன் ஞாபகத்தில் எழுதியிருக்கிறாள் பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டைப் பிரித்தேன்.

95-இல் எழுதியதில் அவனுக்கு இடது முழங்கைக்குக் கீழே புளியங்காய் நீளத்துக்குச் சுட்ட தழும்பு இருக்கிறது. 97-இல் எழுதியதில் காதோரம் நரைத்திருக்கிறது, பட்டறை உத்தரத்தில் தூளி கட்டி அதில் ஒரு பெண் குழந்தை தூங்குகிறது. ஏரிக்கரையில் சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் பட்டறை, செய்து முடித்த ஒவ்வொரு கதவிலும் கீழே இடது மூலையில் நகத்தளவு மீன் ஒன்றை வைத்துப் பற்றவைப்பான் என்று எழுதியிருக்கிறாய். குமாரி, ஞாபகத்தில் இருக்கிற பிள்ளைக்கு நரைக்காதே. புதிதாகத் தழும்பு வராதே. நீ 94-லும் 96-லும் லீவில் வந்தபோது தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று பூந்தமல்லி பஸ் ஏறினாயே, அது என் நெஞ்சில் அப்போதுதான் குத்தியது.

ஒருவேளை விளையாட்டில் இதெல்லாம் எல்லோரும் பார்க்கிறபடி வருகிறதோ, கதைக்காகச் சேர்த்ததோ என்று சந்தேகம். என்கூட வேலை பார்த்த ஜமீலா இப்போது அம்பத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள் அல்லவா, நீ முன்பு கொடுத்த விளையாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஜமீலா பொறுமையாக ஒரு முழு நாள் ஆடிக் காட்டினாள். கதவுக்காரன் ஒரே ஒரு தடவை வந்து போகிறான். தழும்பும் இல்லை, தூளியும் இல்லை, மீனும் இல்லை. அவ்வளவும் உன் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் கண் ஆஸ்பத்திரி என்று பொய் சொல்லிவிட்டுப் பூந்தமல்லி பஸ் ஏறிப் பாரிவாக்கத்தில் இறங்கினேன். அந்தப் பக்கம் ஏரி என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். வயலெல்லாம் மனை போட்டுப் புது வீடு எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் குனிந்து குனிந்து பார்த்தேன், ஒருத்தி என்னைத் திருடி என்றே நினைத்துவிட்டாள். பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஒரு பச்சைக் கதவில் கீழே இடது மூலையில் மீன் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், பெயின்ட் அடியில் செதில்கூடத் தட்டுப்பட்டது. அந்த வீட்டு அம்மா, அது கஜா பட்டறையில செஞ்சதும்மா, ஏரிக்கரையாண்ட போ என்றாள்.

முதுகைக் காட்டிக் குனிந்து கம்பி அறுத்துக்கொண்டிருந்தான். ஆள் வந்து நிற்பது தெரிந்ததும் இன்னா சைஸும்மா வேணும் என்று கேட்டபடி நிமிர்ந்தவன், கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்தான். "பாப்பா சொல்ட்டாளா?" என்றான், உன்னைத்தான். நான், "அவ ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா சொல்லல" என்றேன். அம்மாவிடம் சொன்னால் இந்த இடத்தையும் விட்டுப் போய்விடுவேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினானாமே. ஐந்து மைல் தூரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் நான் ஊர் ஊராக வேண்டுதல் வைத்தேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இருக்கிறது. அந்தப் பார்சலை வேண்டுமென்றேதான் அனுப்பினாயா, கை தவறி அனுப்பினாயா, அதை மட்டும் எனக்கு எழுது. மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள், குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவன் மட்டும் வீட்டுக்கு வரமாட்டேன், அவர் இருக்கிற வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று தரையைப் பார்த்தே சொன்னான்.

அப்பாவிடம் இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன், மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சைக்கிளைத் துடைத்தார், துடைத்த சைக்கிளையே மறுபடி துடைத்தார். கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். நேற்றுக் காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பு என்றார்.

பட்டறைக்கு எதிரே டீக்கடை இருக்கிறது, அதைத் தாண்டி அவரால் ஒரு அடி வைக்க முடியவில்லை. நான் ரோட்டுக்கு நடுவில் நிற்கிறேன், இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா தெரியவில்லை, லாரிக்காரன் திட்டுகிறான். கஜபதி பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்க்காதவன் மாதிரி கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான், ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு. அப்பா முப்பத்தொரு வருஷம் வெல்டிங் ஷாப்பில் நின்றவர், அதற்குமேல் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விடுவிடுவென்று ரோட்டைக் கடந்துபோய், "கண்ணாடி போட்டுகினு அடிடா, கண்ணு பூடும்" என்றார்.

அவன் மெஷினை நிறுத்தினான். "போட்டுக்கிறேம்பா" என்றான்.

அவ்வளவுதான் பேசினார்கள். வீட்டுக்கு வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, வா என்று இவரும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் கம்பி வளைப்பதையே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம், பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தார். இன்றைக்குக் காலையில் எழுந்துபார்த்தால் ஆளைக் காணோம், சைக்கிளையும் காணோம். மணி பதினொன்று ஆகிறது. அங்கேதான் போயிருப்பார் என்று மனசு சொல்கிறது, வேறு எங்காவது போய்விட்டால் என்றும் அதே மனசு சொல்கிறது. எழுதுவதும் தெருமுனையைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போன் செய், அப்பா வந்து பேசினால் எதையும் நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். தீர்க்காயுசோடும் மனநிம்மதியோடும் நீ இருக்கவேண்டும். வாசலில் சைக்கிள் சத்தம் மாதிரி கேட்கிறது, போய்ப் பார்க்கிறேன்.

உன் அம்மா
தே. சுசீலா