அழித்த வட்டம்

இன்று காலை என் மேசையில் ரப்பர் துகள் கிடந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி தன் குடும்ப வரைபடத்தை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். துகளைக் கையால் வழித்துத் தள்ளும்போது அந்த வாசனை வந்தது. உடனே நீ பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ், ஜன்னலோரம் நீ, மடியில் பரீட்சை அட்டை. பத்து வருஷம் இருக்கும்.

அந்தப் பெண் யார் என்று பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னிடம் எதையும் நேராக ஆரம்பித்து எனக்குப் பழக்கமில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அஞ்சல் வழியில் உளவியல் படித்த இரண்டு பேர் நாம். ஆறு மாதம் ஒரு மனநல மையத்தில், மேற்பார்வையில் வேலை பழக வேண்டும் என்றபோது, முப்பத்தேழு வயதில் புதுப் பையும் புதுச் செருப்பும் வாங்கினோம். மேற்பார்வையாளர் நம்மைவிட எட்டு வயது சின்னவர். நேரில் அவரை "மேடம்" என்பாய். பஸ் ஏறியதும் "அந்தப் புள்ள இன்னைக்கு என்னைய முழிச்சுப் பாத்துச்சு" என்பாய்.

முதல் வாரமே அவர் சொல்லிவிட்டார், மையத்துக்கு வருகிறவர்களின் குடும்பத்தை வரையும் முன் அவரவர் குடும்பத்தை வரைந்து கொண்டு வர வேண்டும் என்று. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பெற்ற பிள்ளைக்கு முழுக்கோடு, எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக்கோடு. இறந்தவர் மேல் பெருக்கல் குறி.

நாம் அதைப் பஸ்ஸில்தான் வரைந்தோம். உன் வீட்டுக்காரருக்கு ஒரு சதுரம், அவர் தங்கைக்கு ஒரு வட்டம், உனக்கு ஒன்று, உன் மகனுக்குக் கீழே ஒரு சதுரம். அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டாய். பஸ் குலுங்கியும் அது மட்டும் அவ்வளவு உருண்டையாக வந்தது. செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் ரப்பரை வாங்கி அழித்தாய். யாருட்டி அது என்று கேட்டதற்கு, கை தவறிவிட்டது என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதம் நம்மை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒருத்தி உதவி தேடி வந்தவளாக நடிக்க வேண்டும், மற்றவள் கேட்க வேண்டும், மேற்பார்வையாளர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். நீ வந்தவள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தாய். நாத்தனாருக்குப் பத்து வருஷமாகப் பிள்ளையில்லை. ஐந்து மாதக் குழந்தையை ஆலங்குளத்துக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்னார் மாமியார். வேறெங்கும் போகவில்லையே, நம் வீட்டுக்குள்ளேதானே வளரப் போகிறது என்றார். பட்டாளத்திலிருந்த புருஷன் போனில் அம்மா சொல்கிறபடி செய் என்று முடித்துக்கொண்டார்.

"நான் பெத்த புள்ள என்னைய அத்தைங்குது" என்றாய்.

நான் நன்றாகச் செய்துகொண்டிருப்பதாக நினைத்தேன். தலையைச் சாய்த்து, குரலைத் தணித்து, குழந்தை நல்ல இடத்தில்தானே வளர்கிறது, அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றேன். நீ முந்தானையை விட்டுவிட்டாய். "ஆறுதல் சொல்ல இத்தனை அவசரம் ஏன்?" என்று மேற்பார்வையாளர் என் தாளில் எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கினோம். நான் சிரித்துக்கொண்டே உன் தோளில் தட்டினேன்.

"எம்புட்டு நல்லா நடிச்சட்டி. நானே நம்பிட்டேன்."

பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாய். "நடிக்கலட்டி" என்றாய்.

அந்த அழித்த வட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. வந்த பஸ்ஸை விட்டோம், அடுத்ததையும் விட்டோம். கொடுத்ததைப் பற்றி நீ அழவில்லை. உனக்கு ஒரே ஒரு பயம். "நாளைக்கு அவளுக்குத் தெரிய வந்தா என்னைய என்னன்னு நெனப்பா?" என்று கேட்டாய். ஒரு முறை தப்பாக ஆறுதல் சொன்னவள் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நீதான் என்னைக் காப்பாற்றினாய். "நான் நோயாளி, நீ டாக்டரு. வெளிய சொன்ன, அந்தப் புள்ள உன் சர்ட்டிபிகேட்டக் கிழிச்சிரும்" என்றாய். இருவரும் சிரித்தோம்.

பயிற்சி முடிந்த நாளில் உன் வரைபடத்தை என் கையில் திணித்தாய். வீட்டில் வைக்க இடமில்லை என்றாய். உன் வீட்டில் பத்துப் பேர் படுக்க இடமிருந்தது.

ஆலங்குளத்தில் வளர்ந்த உன் மகளை உன் வீட்டில் ஒரே ஒரு முறை பார்த்தேன், ஒரு மே மாத விடுமுறையில். முற்றத்தில் உட்கார வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். எனக்குக் காபி போட எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நேரமா ஒரு பின்னலுக்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது, நாலே மாதம். மூன்று வருஷமாகிறது. உன்னைக் கிடத்தியிருந்தபோது அவள் எங்கே நிற்கிறாள் என்றுதான் நான் பார்த்தேன். உன் மகன் முன்னால் நின்றான். அவள் உறவுக்காரப் பெண்களோடு சுவரோரம் நின்றாள். யாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிக்கு வந்திருப்பவள் அவள்தான். இப்போது மையத்தில் மேற்பார்வையாளர் நான்; கல்லூரி அனுப்பிய பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். மற்றவர்களைப் போல அவளுக்கும் அதே முதல் வேலையைக் கொடுத்தேன்.

இன்று அந்தத் தாளைக் கையில் எடுத்தேன். ஆலங்குளத்து அம்மாவிடமிருந்து அவள் வட்டத்துக்குப் புள்ளிக்கோடு வருகிறது. உன்னிடமிருந்து முழுக்கோடு. பலமுறை அழித்த இடம் அதுதான், தாள் தேய்ந்திருந்தது.

அவள் வந்ததும், மேற்பார்வையாளர் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"இந்தக் கோடு எப்பத்திலிருந்து தெரியும்?"

"யாரும் சொல்லல மேடம். லீவுக்குப் போனா அத்தை தல பின்னி விடுவாக. முடிச்ச பொறவு கோணலா இருக்குன்னு அவுத்துட்டு மறுபடியும் பின்னுவாக. ஒரு நாளும் கோணலா இருந்ததில்ல."

"அவங்ககிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா, பின்னுறத நிறுத்திருவாகளோன்னு இருந்துச்சு."

நான் தலையைச் சாய்க்கவில்லை, குரலைத் தணிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டதை அவளிடம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது நீ என்னிடம் சொன்னது. ஆனால் அவள் சொன்னதை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்? அன்றைக்கு வாயடைத்து நின்றவளுக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது, கேட்டவளைத்தான் காணோம்.

உன் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த வட்டத்தின் பள்ளம் தெரியும். விரலால் தடவினாலும் தெரியும். அவளாகக் கேட்கும் வரை அதை நான் வைத்திருப்பேன்.

அவள் தாளில் ஒரு குறைதான் இருந்தது. உன் வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இல்லை. பேனாவால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "நாளைக்குப் போடுதேன்."

சரி என்று கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு நான் அதைக் கேட்கப் போவதில்லை.