சுவரில் ஏறிய கோடு

என்னங்க,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசையில் இருக்கிறது. தட்டுகளை மேல் அலமாரியிலிருந்து கீழே இறக்கி வைத்திருக்கிறேன், அதற்கும் கோபப்படாதீர்கள்.

நாலு மணிக்கு பிசியோதெரபிஸ்ட் அம்மா வருவார். நேற்று நீங்கள் விரட்டிவிட்ட பிறகு, நான்தான் போனில் கெஞ்சி வரச் சொன்னேன். "கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் தோள் கொஞ்சம்கூட ஏறலை" என்று அவர் சொன்னதற்கு, "சுவத்துல கோடு ஏறியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தீர்கள்.

அவர் சொன்னதுதான் சரி. தினமும் சுவரில் விரலை ஏற்றுவது நீங்கள். சுவரை ஒட்டி நிற்கும்போது உங்களால் அண்ணாந்து பார்க்க முடியாததால், விரல் நின்ற இடத்தில் பென்சில் கோடு போடுவது நான். உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், ஆறு வாரமாக தினம் ஒரு நூல் உயர்த்திப் போட்டேன். நேற்று நீங்கள் கத்தியபோதும் வாயைத் திறக்காமல் நின்றேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீங்கள் கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

சாவி கீழ் ஆணியில் மாட்டியிருக்கிறது.

இன்னொன்று. பொய்க் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டேன். முதல் நாள் கோடு மட்டும் நிஜம், அதை விட்டிருக்கிறேன். நேற்று உங்கள் விரல் அதைக்கூடத் தொடவில்லை.