காலி ஆணி

உமாராணிக்கு,

குவார்ட்டர்ஸில் எல்லாம் நலம். ஜன்னலை மூடினாலும் சுரங்கத் தூசி வழக்கம்போல வந்துவிடுகிறது. சுவரில் நீ மாட்டிய காகிதக்கூழ் முகமூடிகள் கறுத்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை நானே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன்.

இந்த ஊரில் எதையும் ஈரத்துணியால் துடைத்துத்தானே நமக்குப் பழக்கம். ராஜா முகமூடியையும் அப்படியே துடைத்தேன். பாதி மீசை துணியோடு வந்துவிட்டது. எதிர்வீட்டு நாகம்மாள் பார்த்துப் பதறிப்போய், "தண்ணியே படக் கூடாதுங்க. காஞ்ச பிரஷ்ஷால மெல்லத் தட்டிக்கினே வாங்க" என்றார்.

வீட்டில் மெத்தென்று இருந்தது என் ஷேவிங் பிரஷ் ஒன்றுதான். இப்போது அது உன் முகமூடிகளுக்கே சொந்தம். மூக்கு, காது மடல், தலையில் ஒட்டிய இறகு எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. எனக்குத்தான் தாடி வளர்ந்துவிட்டது.

இவற்றைப் பேய் மூஞ்சிகள் என்று அன்றைக்கு இந்த வீட்டில் யார் சொன்னதோ, தெரியவில்லை. அதைக் கேட்டு நீ உன் தம்பி வீட்டுக்குக் கிளம்பியபோது, சிரிக்கும் முகமூடியையும் கழற்றிக்கொண்டு போனாய். அந்த ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நேற்று ஷிப்ட் முடிந்து என்னோடு டீ குடிக்க வந்த கருணாகரன், ஆணியையும் என் தாடியையும் மாறி மாறிப் பார்த்தான். "பேசாம உன்னையே இதுல மாட்டிடலாம்பா" என்கிறான்.

அதற்குள் அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

இப்படிக்கு,
தாடிக்காரன்