தேய்த்துவிட்ட இரண்டெழுத்து

அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா எழுதுவது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர இங்கே நான் சுகம்தான், அலாஸ்காக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. இங்கே ஓஹியோவிலும் இந்த வருஷம் பனி அதிகம். அம்மா கண்மூடிய புதிதில் சர்ச்சுப் பெண்கள் மாறி மாறிக் கொண்டுவந்த சாப்பாடு நின்று மாதக்கணக்காகிறது, இப்போது நானே முட்டையைப் பொரித்துத் தின்றுகொள்கிறேன். பேச ஆளில்லை, டிவியில் செய்தி வாசிப்பவனோடு சண்டை போடுகிறேன், சிரிக்காதே.

சுற்றி வளைப்பானேன், ஒரு தப்பு செய்துவிட்டேன். அம்மாவின் அலமாரியில் காலுறைகளுக்கு அடியில் இருந்ததே, அவளைப் பெற்ற உன் தாத்தா ரயில் யார்டுக் காவலுக்குக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போன சின்ன ரிவால்வர், அது உனக்கென்று அம்மா சொல்லியிருந்தாள். அடக்கத்தன்று நீயும் இந்த வீட்டிலிருந்து அது ஒன்று போதும், அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றாய். வருவதற்குள் புதுசாக்கி வைப்போம் என்று நினைத்தேன். குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். நாற்பது வருஷம் கார் பம்பர் தேய்த்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்ற திமிர், யாரையும் கேட்கவில்லை. கராஜில் மெருகேற்றும் மோட்டார் சக்கரத்தில் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய் முகம் பார்க்கலாம் போல ஆனது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

பழைய துப்பாக்கி சேர்ப்பவர்கள் சனிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூடுகிறார்கள். நானும் இனி சேர்ப்பவன்தான் என்று பெருமையாகக் கொண்டுபோனேன். எம்மெட் என்று ஒரு கிழவர், என்னைவிட மூத்தவர், வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அழுக்குன்னு நினைச்சியாப்பா? நூறு வருஷம் கைபட்டு ஏறின நிறம் அது. எண்ணெய்த் துணியால துடைச்சிட்டு சும்மா விட்டிருக்கணும். இனி வராது," என்றார். புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வார்களாம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பிடியின் அடியில் தாத்தா ஆணியால் கீறிய அவர் பெயரின் இரண்டெழுத்து, சின்ன வயதில் அம்மா உன் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டுவாளே, அது இல்லை. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாலும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், கொரின். அம்மாவின் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

திரும்பக் கீறித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாமென்றுவிட்டேன், பொய்யை உன் கையில் கொடுக்க மாட்டேன். மற்றத் துப்பாக்கிகளைத் தபாலில் அனுப்பக் கூடாதாம், இது அவ்வளவு பழசு என்பதால் அனுப்பலாம் என்கிறார் எம்மெட். பெட்டிகூடத் தயார் செய்தேன், ஆனால் அனுப்பப் போவதில்லை. அனுப்பிவிட்டால் அப்புறம் நீ எதற்கு இங்கே வருவாய்? கோபம் வரும், வரட்டும். போனில் வேண்டாம், வந்து நேரில் திட்டு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்து திட்டு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கார் டயரை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

உன் அப்பா,
ஹார்லன்