மூன்று விரல்

நவம்பர் 18, திங்கள்

இன்று அப்பாவிடம் சொல்லாமல் விட்டது: அவருடைய வாயையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

ஃபேர்லேண்ட்ஸ் பல் ஆஸ்பத்திரியில் எனக்கு வலது பக்கக் கீழ் ஞானப்பல்லை எடுத்தார்கள். முக்கால் மணி நேரம். வலி இல்லை, மரத்துப்போன தாடைக்குள் யாரோ கதவு நிலையைப் பெயர்ப்பதுபோல் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் பஞ்சை வைத்து, ஒரு மணி நேரம் கடித்தபடி இருக்க வேண்டும், பேசக் கூடாது என்றார் டாக்டர் சௌந்தர்யா. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். பிறகு கண்ணாடிக் கதவு வழியாக, வெளியே மருந்துச் சீட்டுக்கு நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"அப்பா பாக்குப் போடுவாரா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"பேசும்போது கவனிச்சேன். வாய் சரியாவே திறக்கல. மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வெச்சா உள்ள போகணும். இப்பவே பாத்துடலாமே, கூப்பிடுங்க."

அப்புறம் என்று கையால் காட்டினேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். "அப்ப திங்கக்கிழமை தையல் பிரிக்க வரும்போது கட்டாயம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ராசிபுரம் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எனக்குக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டார். "ஞானப்பல்லையே புடுங்கிட்டாங்க. இனி பீரோவுல இருக்கற புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டுரலாமா சாமி?" எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவரும் உதட்டை மூடியே சிரித்தார்.

ஒரு மணி நேரம் வழியில் மல்லூரிலேயே முடிந்துவிட்டது, பஞ்சை அங்கேயே எடுத்திருக்கலாம். ராசிபுரம் வரை கடித்துக்கொண்டே வந்தேன்.


நவம்பர் 19, செவ்வாய்

கன்னம் வீங்கி, ஒரு கண் சிறுத்துவிட்டது. "பூசணிக்கா பிஞ்சாட்டம் இருக்கற மோகனா" என்றாள் அம்மா. ஆறின ராகிக் கூழ். மத்தியானம் குழைத்த தயிர்ச்சோறு. வாயில் இன்னும் இரும்பு ருசி.

"உனக்குத் துணைக்கு நானும் இதையே திங்கறேன்" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு ஏற்கெனவே குழைந்திருந்தது. என் சோற்றைவிட நன்றாக.

"அவருக்கென்ன புதுசா? ஆறு மாசமா இதுதான். அல்சரு. மொளகாயக் கண்டாலே வாயெல்லாம் எரியுதுங்கறாரு."

வயிற்றில் இருக்கும் அல்சருக்கு வாய் ஏன் எரிய வேண்டும்? கேட்கவில்லை. பேசக் கூடாதல்லவா எனக்கு.

தீபாவளிக்கு முறுக்கை டீயில் நனைத்துத் தின்றார். அதையும் பார்த்தேன்.


நவம்பர் 20, புதன்

நான் வேலை பார்க்கும் நர்சிங் கல்லூரி நூலகத்தில் 617.6 என்ற எண்ணின்கீழ் பல் மருத்துவப் புத்தகங்கள் இருக்கின்றன. போன வருடம் அந்த வரிசைக்கு நான்தான் சீட்டு ஒட்டினேன். அதில் ஒன்றில் கன்னத்தின் உட்புறத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்: வெளுத்து, கயிறு திரித்ததுபோல் வரிவரியாக. அன்றைக்குப் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அதன் இடத்தில் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அதற்கும் முன்னால், இரண்டு வருடம் இருக்கும். பாக்கை விட்டுவிட்டேன் என்று அப்பா முருகன் மேல் ஆணையிட்டுச் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் தறிப் பட்டறையில் தார்க்குச்சி போடும் பெட்டியைக் கிளறினேன். நூல் சுற்றின குச்சிகளுக்கு அடியில் பொட்டலங்கள், ஏழோ எட்டோ. மேலே குச்சிகளைப் பழையபடி அடுக்கிவிட்டு வந்துவிட்டேன். அவர் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டாம் என்று. எங்கள் வீட்டில் மரியாதை என்றால் பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது.

அன்றைக்கு என் வாயில் பஞ்சு இல்லை.


நவம்பர் 21, வியாழன்

அப்பா சீழ்க்கை அடித்து எத்தனை நாளாயிற்று?


நவம்பர் 22, வெள்ளி

படுத்துக் கிடந்தது போதும் என்று காலையில் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ஆறு விசைத்தறி. ஓடும்போது காதருகே கத்தினால்தான் உண்டு. அதனால் இங்கே யாரும் கத்துவதில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள். ஆறாவது தறியிலிருந்து அப்பா "டீ வெச்சியா" என்று உதட்டால் கேட்பார்; முதல் தறியிலிருந்து அம்மா "இப்பத்தானுங்க குடிச்சீங்க" என்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்கு இதைப் படிக்கத் தெரியும்.

போன ஆனி மாதத்திலிருந்து அப்பா பேசுவது அம்மாவுக்கு விளங்கவில்லை. தார் கேட்டால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவாள். பாவு என்றால் டீ என்பாள். "எனக்குக் கண்ணு போச்சு" என்று அவளே முடிவு செய்தாள். மூன்று பேரும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அவளுடைய பழைய கண்ணாடிக்குப் பதில் புதுக் கண்ணாடி போட்டு வந்தோம். பிரேம் அப்பா தேர்ந்தெடுத்தது. "டீச்சரம்மா கணக்கா இருக்கற" என்றார். வெட்கப்பட்டாள்.

இன்று அம்மா எதிர்க்கோடியிலிருந்து "கூழு குடிச்சியா" என்றாள். "குடிச்சேன், மாத்திரையும் போட்டுட்டேன்" என்று உதட்டை அசைத்தேன். தாடை இறுகிக் கிடக்கிறது. ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அம்மா முகத்தைச் சுருக்கினாள். மறுபடி சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி சொன்னேன். கடைசியில் எழுந்து பக்கத்தில் வந்து என் காதில் சொன்னாள்:

"நீயும் உங்கப்பாவாட்டமே வாய்க்குள்ளயே மெல்லற புள்ள. இந்தக் கண்ணாடியும் ஒண்ணுத்துக்கும் ஆகாது போ."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. மூன்று பேரும் பஸ் ஏறிப் போய்த் தப்பான ஆளுக்கு வைத்தியம் பார்த்து வந்திருக்கிறோம்.


நவம்பர் 23, சனி

ஐந்தாம் நாளிலிருந்து வாய் திறந்து பழக வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன் நின்று விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்று போகிறது. இரண்டாவது, பாதி. கண்ணில் நீர் வருகிறது.

அப்பா வாழைப்பழத்தை விண்டு விண்டு வாயில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வெச்சுப் பாருங்கப்பா. எனக்குத் துணைக்கு."

"எனக்கெதுக்கு சாமி? நானென்ன பல்லா புடுங்கினேன்?"

எழுந்து போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், அதே கண்ணாடி முன் அவர் நிற்கிறார். கையைக் கழுவினார். திரும்பி ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். மூன்று விரலைச் சேர்த்து உதட்டுக்குக் கொண்டுபோனார். போகவில்லை. ஒன்றை மடக்கினார். போகவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் — அதுவும் இடித்து இடித்து.

துண்டால் வாயைத் துடைத்தார். கண்ணாடி விளிம்பில் இருந்த சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு தறிக்குப் போனார்.

ஏன் எனக்கு வாயே வரமாட்டேங்குது? பக்கத்துல போய் அப்பான்னு கையப் புடிச்சிருந்தா போதாதா? ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்துட்டு, இங்க வந்து எழுதிட்டு இருக்கேன். இத யாரு படிக்கப் போறா?


நவம்பர் 24, ஞாயிறு

இன்றும் இல்லை.


நவம்பர் 25, திங்கள்

தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற ஆள் வருகிறான், நீ மட்டும் போய்வா சாமி என்றார் அப்பா. சரி என்றேன்.

தையலைப் பிரித்தார்கள். எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலி. புண் நன்றாக ஆறுகிறதாம். "அப்பா எங்க?" என்று கேட்டார் டாக்டர். வேலை என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "சொன்னீங்களா இல்லையா?" பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "உங்க வாய் இன்னும் ஒரு வாரத்துல முழுசாத் திறந்துடும். அவரோடது தானா திறக்காது. மூடிட்டேதான் போகும். உள்ள புண்ணு கிண்ணு இருந்தா நாள் கடத்தற விஷயமில்ல இது."

வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் பட்டறைக்குள் போனேன். ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவின் தறிக்கு எதிரே நின்றேன். எனக்கு இப்போது இரண்டு விரலுக்கு மேலேயே திறக்கிறது. உதட்டை மட்டும் அசைத்தேன்.

உங்க வாயக் காட்டணும்ப்பா. நாளைக்கு என்கூட வாங்க.

குரலெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால் இன்றும் முடிந்திருக்காது. அவர் ஒரே தடவையில் படித்துவிட்டார். பதில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. என்னங்கப்பா என்றேன். மறுபடி சொன்னார். மூடின உதட்டுக்குப் பின்னால் எதுவோ அசைந்தது, அவ்வளவுதான். தறியை நிறுத்தினார். மற்ற ஐந்தும் ஓடின. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே முதல் தறி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். முதுகைக் காட்டி நூல் முடிந்துகொண்டிருந்த அம்மா, கரண்ட் போய்விட்டதென்று நினைத்து மேலே விசிறியைப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மா என்னையே பாத்துட்டு உன்கிட்ட என்னமோ சொன்னாங்க. நானும் கண்ணாடி வழியாப் பாத்தேன்" என்றார் அப்பா. "அந்தப் பெட்டியில பொட்டலத்த நீ பாத்ததும் எனக்குத் தெரியும். குச்சிய நீ அடுக்கற வரிசையே வேற. படிச்ச புள்ள. மோகனாவே ஒண்ணுஞ்சொல்லல, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு இருந்துட்டேஞ்சாமி."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னுங்க? என்ன பொட்டலம்?" என்றாள்.


நவம்பர் 27, புதன்

வலது கன்னத்தின் உள்ளே, கடைவாய்க்குப் பக்கத்தில், ஒரு புண். பரிசோதனைக்குத் துணுக்குச் சதை எடுத்தார்கள். வாய் திறக்காததால் எடுக்கவே வெகு நேரமாயிற்று. ஒரு முனகல்கூட இல்லை.

திரும்பும்போது பஞ்சைக் கடித்திருந்தது அவர். ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன்.


டிசம்பர் 6, வெள்ளி

புற்று.

அப்பா டாக்டரிடம் கேட்டது இது ஒன்றுதான்: "இன்னியோட பாக்க உட்டுட்டா வாய் தொறந்துருமுங்களா?"

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்பப் போய்க் கேட்டேன். நான் சொல்லாமல் விட்ட அந்த ஏழு நாள்?

"ஏழு நாள்ல ஒண்ணும் மாறியிருக்காதுங்க" என்றார் சௌந்தர்யா. என்னைத் தேற்றுவதற்காகவே மேலும் சொன்னார்: "அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க. இது ரெண்டு வருஷத்துக்கு முந்தியே பாத்திருக்க வேண்டியது."

இரண்டு வருடம்.


ஜனவரி 9, வியாழன்

அறுவை சிகிச்சை எட்டு மணி நேரம். வலது கன்னமும் தாடையின் ஒரு பகுதியும் போய்விட்டன. தொடையிலிருந்து தோல் எடுத்து மூடியிருக்கிறார்கள்.

என் பல் இருந்த குழி தூர்ந்துவிட்டது. நாக்கால் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. எனக்கு மூன்று விரலும் தாராளமாகப் போகிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.


மார்ச் 2, ஞாயிறு

கதிர்வீச்சு முடிந்தது. மூக்கில் குழாய். அப்பா பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு, வெறும் காற்றுச் சத்தம். எதையாவது கேட்க வேண்டுமென்றால் நூல் அட்டையில் எழுதிக் காட்டுகிறார். அவர் கையெழுத்து இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது.

இன்று எழுதிக் காட்டியது: "மூணாவது தறியில நாடா ஒரு பக்கமா அடிக்குது. காதுல கேக்குதா இல்லியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். குறுக்கே நூலை இழுத்து ஓடும் நாடா ஒரு பக்கமாக அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அம்மா முதல் தறியை விட்டுவிட்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாவது தறிக்கு மாறிக்கொண்டாள்.


ஏப்ரல் 21, திங்கள்

அப்பாவின் கழுத்தில் கட்டி. மறுபடியும்.

இந்த முறை பார்த்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அப்பா அட்டையை எடுத்து எழுதினார்: "சரி சாமி."


ஜூன் 14, சனி

அப்பா மே 27 அன்று காலையில் இறந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து நேற்றுத்தான் தறிகளை ஓட்டினோம். ஆறாவது தறியில் நான் நின்றேன். அம்மா திரும்பவும் முதல் தறிக்குப் போய்விட்டாள். பழைய கண்ணாடியைப் போட்டிருந்தாள். புதுசு எங்கே என்று உதட்டை அசைத்துக் கேட்டேன்.

"உள்ள வெச்சிருக்கறன். இதுலயே நல்லாத்தான தெரியுது" என்றாள், ஆறு தறிக்கு அந்தப் பக்கமிருந்து, சத்தமில்லாமல்.

ஒரு வார்த்தை விடாமல் விளங்கியது.