தசரதனுக்கு நான் வரைந்த பிளான்

பம்பாய், தாதர்
12-8-1984

அன்புள்ள அம்மாவுக்கு முருகையன் வணக்கம். நான் சுகம். அடுப்படிப் புகையில் உங்கள் இருமல் இப்போது கம்மியா?

பக்கத்து வீட்டு தசரதன், கிரிவலம் வருகிறவர்களுக்காக மாடி எழுப்பி லாட்ஜ் ஆக்கப்போவதாகவும், பிளானை நானே வரைய வேண்டுமென்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். வரைந்துவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

அனுமதி இல்லாமல் அடுப்படியில் ஜன்னல் வைத்தோமென்று மனு போட்டு அடைக்கவைத்த அன்று, "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க" என்று நம் வாசலில் நின்று சிரித்தாரே. அந்தச் சட்டப் புத்தகத்தை மெட்ராசிலிருந்து வரவழைத்து வரிவரியாகப் படித்தேன். பழைய வீட்டைத் தொடாதவரை யாரும் கேட்கமாட்டார்கள். லாட்ஜ் ஆக்கினால் பக்கவாட்டில் ஐந்தடி காலியாக விட வேண்டும். நம் பக்கம் இருக்கும் தன் சுவரையும் அதையொட்டிய இரண்டு அறைகளையும் இடித்தால்தான் அவருக்கு மாடி. பிளானில் அப்படியே காட்டியிருக்கிறேன். ஒரு கோடுகூடப் பொய் இல்லை. மாடிக்குச் செங்கல் வேறு இறக்கிவிட்டாராமே, இறக்கட்டும்.

இதைச் சொல்லிச் சிரிக்க இங்கே எனக்கு ஆளில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வேர்க்கடலைப் பொடி கொடுத்தனுப்புங்கள். பழைய போர்வை ஒன்றும்.

பிளானை உங்கள் கையாலேயே கொடுங்கள். அவர் கத்தினால், அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். முகம் எப்படிப் போனதென்று மறக்காமல் எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஜன்னலை அடைத்த செங்கலில் இப்போது கை வைக்காதீர்கள். முதலில் அவர் சுவர் விழட்டும். நடுவில் அந்த ஐந்தடி வெளி வந்ததும் நாம் முறைப்படி அனுமதி வாங்கித் திறப்போம்.

உங்கள் மகன்
முருகையன்