பள்ளத்துக் கோல்

சனிக்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. எங்கள் கல்லூரி மைதானம் சரிவானது. இன்றைய கால்பந்து ஆட்டத்தில் டாஸில் வென்றதும் கோச் துள்ளினார். "முதல் பாதியில பள்ளத்தப் பாத்து அடிப்போம். நாலு கோல் போட்டுட்டா அப்புறம் நிம்மதிதான்."

அவர் மாத்தளைக்காரர், இங்கே வந்து ஒரு மாதம்தான். மூன்று மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறும், அது இரண்டாம் பாதி நேரம், அப்போது அந்தக் கோலைக் காக்கப் போவது நாங்கள்தான். இங்கேயே ஆசிரியராகவும் துணைக் கோச்சாகவும் இருக்கும் எனக்கு இது தெரியும். இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு கோல் போட்டோம். பிறகு பனியில் எங்கள் கோல் கீப்பருக்குப் பந்தே தெரியவில்லை. மூன்று வாங்கித் தோற்றோம்.

வீடு திரும்பும்போது ராகலை போகும் பஸ்ஸில் கோச் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு உள்ளுக்குள்ள பயமாத்தான் இருந்துச்சு சேர். நீங்க ஒண்ணும் சொல்லலையா, அதான் சரின்னு நெனச்சுக்கிட்டேன்."